அபராதப் புத்தகம்

ஒரு பூச்சாடிக்காகத்தான் நான்சிக்குப் போனேன்.
கத்தரிப்பூ நிறம். அடியில்
ஊசியால் கீறிய கையெழுத்து.
அருங்காட்சியகத்துக்கு அதைப் பற்றி எட்டு வரி வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

ஆவணக் காப்பகத்தில் பேனா கூடாது, பென்சில் மட்டும்.
நனைந்த மழைக்கோட்டை வெளியே மாட்டிவிட்டுக்
கூலிப் புத்தகத்தைத் திறந்தேன்.
வால்-ஸெரென் கண்ணாடி ஆலை, 1887.
ஊதுபவர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், ஊர்.
பட்டை தீட்டுபவர்களுக்குப் பெயர்.
கடைசியில், விறகும் வைக்கோலும் வரும் பக்கத்தில்,
"சிறுவர் சிறுமியர்: பதினான்கு."
வைக்கோல் எந்த வயலிலிருந்து வந்தது என்றுகூட
எழுதி வைத்திருந்தார் கணக்கர்.

இரண்டு நாள் இப்படியே போனது.
மூன்றாம் நாள் பெட்டியின் அடியில்
தையல் பிரிந்த ஒரு மெல்லிய நோட்டு.
அபராதப் புத்தகம்.

பெயர் தெரியாதவரிடம்
கூலியைப் பிடிக்க முடியாதல்லவா.
அங்கே இருந்தார்கள்.

தெஸிரே மொரேல். விளக்குச் சிம்னி மூன்று.
ஸெவரின் மொரேல். தண்ணீர்க் குடுவை ஒன்று. தூங்கிவிட்டாள்.
பாஸ்தியேன் ஹூம்பர். அச்சைச் சீக்கிரம் திறந்தான்.
மறுநாள் அதே பாஸ்தியேன்.
தாமதமாகத் திறந்தான்.

ஊதி முடித்த கண்ணாடியைச்
சூடு தணியுமுன் கவைக்கோலில் ஏந்தி
ஆற்றுச் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும்.
வரைபடத்தில் அளந்தேன்: முப்பத்தொரு எட்டு.
அது என் காலுக்கு.
எதிரில் வெறுங்கோலோடு ஓடிவருகிற பிள்ளைகள்,
ஒரு பக்கம் உலை,
மறுபக்கம் கதவில்லாத வாசல், வோஜ் மலையின் நவம்பர்.
அவசரத்தில் ஆறிய கண்ணாடி
யாரும் தொடாமலே ஒருநாள் வெடிக்கும்.
அதனால் மெல்ல ஆற்றுவார்கள், இரவு முழுக்க.
கண்ணாடியை.

நவம்பர் 19.
ஒனோரின் கொலென், வயது பதினொன்று.
பூச்சாடி, கத்தரிப்பூ நிறம், ஜோடியில் ஒன்று.
பன்னிரண்டு நாள் கூலி.

எங்கள் அருங்காட்சியகப் பட்டியலில்
மூன்று தலைமுறையாக ஒரு வரி இருக்கிறது:
"இணைச் சாடி கிடைக்கவில்லை."

அதே சாடிதானா?
உறுதியாகச் சொல்ல மாட்டேன்.
அந்த நிறத்தை அந்த வருடம் நிறையவே ஊதியிருக்கிறார்கள்.
ஆனாலும் எழுதினேன், "அநேகமாக" என்று சேர்த்து:
இதன் இணையை அநேகமாக உடைத்தவர் ஒனோரின் கொலென்,
சூளைக்குச் சுமந்து போகிற வழியில்.
இதைச் சுமந்தவரும் அவராக இருக்கலாம்.

வியாழக்கிழமை இயக்குநர் போன் செய்தார்.
"உடைத்தவர் என்ற சொல் வேண்டாமே.
வருகிறவர்கள் சாடியை விட்டுவிட்டுத்
தரையைப் பார்ப்பார்கள்."
பார்க்கட்டுமே என்றேன்,
போனை வைத்த பிறகு.

உண்மையில் என்னைப் பிடித்து உலுக்குவது ஒனோரின் இல்லை.
அவள் கிடைத்துவிட்டாள்.
மார்ச்சில் இரண்டு கோப்பை, ஜூனில் ஒரு மூடி,
ஒவ்வொன்றாக உடைத்து உடைத்து
என் மேசைவரை வந்துவிட்டாள்.

கூலிப் புத்தகத்தில் பதினான்கு.
அபராத நோட்டை மூன்று முறை எண்ணினேன்,
ஒன்பது பேர்தான்.

மீதிப் பேர் ஒரு சிம்னியைக்கூட நழுவவிடவில்லை.
தூங்கவில்லை.
அச்சைச் சரியான நொடியில் திறந்தார்கள்.
ஊதுபவர்கள் அவர்களையே கேட்டு வாங்கியிருப்பார்கள்.
நல்ல பெயர் எடுத்த பிள்ளைகள்.
அதனால் பெயர் இல்லை.

காப்பகம் மூடுகிற மணி அடித்தது.
தாளில் ஒன்பது பெயர்களுக்குக் கீழே
10 என்று போட்டேன். பிறகு 11.
14 வரை எண்களைப் போட்டுவிட்டுப்
பக்கத்தில் இடம் விட்டேன்,
பிரெஞ்சுப் பெயர்கள் நீளம் என்பதால்
கொஞ்சம் தாராளமாகவே.